பச்சை நோட்டைக் கொடுத்தது நான்தான்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் தங்கையும் உடம்புக்கு நன்றாக இருக்கிறோம், மற்றதைக் கேட்காதே, நானே சொல்கிறேன். நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். இந்த வாரம் மூன்று தடவை உனக்குப் போன் போட்டு மூன்று தடவையும் சாப்பிட்டியா, குளிருதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன், நீ கூட என்னம்மா இன்னிக்கு ரொம்ப அக்கறை என்று சிரித்தாய். சொல்ல வந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். கூரியர்காரன் நாலு நாள் ஆகும் என்கிறான். அதற்குள் அந்தப் போலீஸ் விசாரணை அதிகாரி எதையாவது அனுப்பினால் கையெழுத்துப் போடாதே, இதை முழுக்கப் படித்துவிட்டுப் போடு.

சிட்டு இப்போது இருபத்தெட்டு கிலோ. பன்னிரண்டு வயதுக்கு அது குறைச்சல் என்று டாக்டர் சொல்கிறார், தூக்குகிற என் இடுப்பு வேறு மாதிரி சொல்கிறது. ஒரு வேளை சோறு ஊட்ட முக்கால் மணி நேரம் ஆகிறது. சக்கர நாற்காலியை ஜிப் ரேக்குக்குப் பக்கத்தில் நிறுத்தி மடியில் பொத்தான் டப்பாவை வைத்துவிட்டால் பகல் முழுக்கக் கடையில் இருப்பாள், ஆமாம் என்றால் டப்பாவை இரண்டு தட்டு, இல்லை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வருகிற தையல்காரர்கள் எல்லாம் அவளிடம் விலை கேட்டுவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள், முதலாளியம்மா குறைக்கச் சொல்லிட்டாங்க என்று என்னையே மடக்குகிறார்கள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. நீ தெரிந்துகொள்ள வேண்டியது இனிமேல்தான் இருக்கிறது.

நீ வெளிநாடு போன இரண்டாம் மாதம் மாடி அறைக்கு ஒருத்தன் வாடகைக்கு வந்தான் என்று சொன்னேனே, கவனிப்பு இல்லம் கட்டப்போகிறவன். நடக்க முடியாத, பேச முடியாத, கண் தெரியாத பிள்ளைகளுக்குப் பெற்றவர்கள் காலத்துக்குப் பிறகு சாகும்வரை இடம், அதற்கு இப்போதிருந்தே மாதம் ஒரு தொகையோ மொத்தமாகவோ கட்டிவர வேண்டும், கட்டடத்தின் வரைபடம்கூடச் சுவரில் மாட்டி வைத்திருந்தான். எனக்கு ஆளை எடை போடத் தெரியும் என்ற திமிர் உனக்குத் தெரியும்தானே. சில்லறையில் ஒரு ஐம்பது கூடக் கொடுத்துப் பார்ப்பேன், திருப்பித் தந்தால் நல்லவன், தராவிட்டால் அவன் எனக்கு வேண்டாம். தள்ளுவண்டியில் நூல்கண்டு விற்ற காலத்திலிருந்து இந்த ஒரு சோதனையை வைத்துத்தான் ஆள் எடுத்தேன், கடன் கொடுத்தேன். அவனுக்கும் கொடுத்தேன். தெருமுனை வரை போனவன் திரும்பி வந்து, "அக்கா, கணக்கு தப்பு, அம்பது கூட வந்திருக்கு" என்று மேசைமேல் வைத்தான். அதோடு என் மூளை கடையைச் சாத்திவிட்டது. இப்போது, எல்லாம் முடிந்த பிறகு, கடையில் நிற்கிற பெண் அழுதுகொண்டே சொல்கிறாள், "அக்கா, அவரு வந்த அன்னிக்கே நாந்தான் அவருகிட்ட விளையாட்டா சொன்னேன், எங்கக்கா சில்லறை கூடக் குடுத்துத்தான் ஆள எடை போடும்னு." அவளைத் திட்டி என்ன ஆகப்போகிறது, அந்தப் பெருமையை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான்.

முதல் ஆளாய்ப் பணம் கட்டியவளும் நான், சிட்டு பெயரில். பொத்தான்கடை அக்காவே கட்டியிருக்கு என்று அதைக் காட்டித்தான் அவன் மற்றவர்களைச் சேர்த்தான். அதுகூடப் போகட்டும், நானும் ஏமாந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அடுத்ததற்கு அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. ஒரு நாள் வந்து உட்கார்ந்து, "அக்கா, எந்த வீட்டுப் பிள்ளைக்கு என்ன தேவைன்னு தெரிஞ்சா அதுக்குத் தக்கபடி அறை கட்டலாம், உங்க பையன் மூணு வருஷம் இந்த மாதிரிப் பிள்ளைங்க இருக்கிற வீடு வீடாப் போய் ஆராய்ச்சி பண்ணினாராமே" என்றான். நீ அட்டாலியில் கட்டிவைத்த அறுபத்தொரு வீட்டுக் காகிதத்தையும் இறக்கிக் கொடுத்தேன். அதில் பெயர் இல்லை, எண்தான் இருந்தது. எந்த எண் எந்த வீடு என்கிற பச்சை நோட்டை நீ என் கல்லாப்பெட்டியில் வைத்து, இது இல்லாட்டி அது வெறும் காகிதம்மா, இத மட்டும் யார் கண்ணுலயும் காட்டாத என்று சொல்லிவிட்டுப் போனாய். அதையும் எடுத்துக் கொடுத்தேன். யாரும் என்னை மிரட்டவில்லை, ஏமாற்றிப் பிடுங்கவில்லை. என் மகன் தூக்கம் கெட்டு எழுதியது தூசி தின்பதைவிட நாலு பிள்ளைக்கு உதவட்டும் என்று நினைத்தேன். உன் படிப்பை நான் ஒருநாளும் சரக்காக மதித்ததில்லை, அதுதான் உண்மை.

போன மாதம் எல்லார் பணத்தோடும் மாடியைப் பூட்டிக்கொண்டு போனவன் திரும்பி வரவில்லை. உள்ளே நாலு நாற்காலியும் அந்த வரைபடமும்தான் இருந்தன. திங்கட்கிழமை துணி தேய்க்கிற அம்மா கடைக்கு வந்தாள், கண் தெரியாத மகனுக்காக மூன்று வருஷம் சேர்த்ததை அவனிடம் கொடுத்தவள். சண்டை போட வந்தாள் என்று நினைத்தேன், அவள் குரலையே உயர்த்தவில்லை. "அக்கா, ஒரு நாள் எம்புள்ளைய உள்ள வெச்சு வெளிய பூட்டிட்டு, செத்தாச் சாகட்டும்னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தேன். இத எம்புருசன்கிட்டகூடச் சொன்னதில்ல. உங்க பையன்கிட்ட மட்டுந்தான் சொன்னேன். அந்தாளு வந்து உக்காந்ததும், இன்னொரு வாட்டி அப்படி ஒரு நாள் வரக்கூடாதும்மான்னு ஆரம்பிச்சான். நான் எப்படிக்கா குடுக்காம இருப்பேன்?" என்றாள். அப்புறம், "உங்க பையன் எவ்வளவுக்கு வித்தாரு?" என்று கேட்டாள். என் எதிரில், சிட்டுவின் எதிரில் கேட்டாள். அவள் படி இறங்கிப் போகும்வரை நான் பொத்தானை எண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அந்த அறுபத்தொரு பேரும் இப்போது உன்னைத்தான் சொல்கிறார்கள். அதிகாரியும் அப்படித்தான் நினைக்கிறார், பட்டியலை விற்றுவிட்டு நாட்டை விட்டுப் போய்விட்டான் என்று. நீ அவரிடம் போனில் எங்க அம்மா கல்லாவிலிருந்து ஒரு துரும்புகூட வெளியே போகாது சார், வேறு எங்கேயோதான் தவறு நடந்திருக்கணும் என்று சொன்னாயாம். அதை அவரே என்னிடம் வந்து சொன்னார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

சனிக்கிழமை பள்ளிக்கூட ஹாலில் அந்தப் பெற்றோர் எல்லாரும் கூடுகிறார்கள், அதிகாரியும் வருகிறார். நான் சிட்டுவைத் தள்ளிக்கொண்டு போய் எல்லாருக்கும் நடுவில் நின்று சொல்லப்போகிறேன். இது உன் கைக்கு வரும்போது சொல்லி முடித்திருப்பேன். என் மேல் காறித் துப்புவார்கள், கடைக்கு ஒரு தையல்காரன் வரமாட்டான், உள்ளே வைப்பார்களோ என்னவோ, வக்கீல் கையை விரிக்கிறார். அதற்கெல்லாம் நான் பயப்படவில்லை என்று எழுதினால் பொய். ராத்திரியும் பகலும் ஒரே நினைப்புதான், என்னை உள்ளே உட்காரவைத்துவிட்டால் அந்த முக்கால் மணி நேரச் சோற்றை யார் ஊட்டுவார்கள். அம்மாவைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து, "நோட்டை நான்தான் கவனக்குறைவாக வைத்துவிட்டேன்" என்று நீ எதையும் எழுதிக் கொடுத்துவிடாதே. உன் வார்த்தையை நம்பித்தான் அந்தத் துணி தேய்க்கிற அம்மா வாயைத் திறந்தாள், அந்த வார்த்தையைத் தின்றவள் நான். நீயும் பொய் சொன்னால் அவளுக்கு யாருமே மிச்சமில்லை.

இன்னொன்று. உன் காகிதக் கட்டு இருந்த அட்டாலியில் பூர்த்தி செய்யாத படிவம் ஒன்று மிச்சம் கிடந்தது. ஊரில் எல்லாத் தாயிடமும் கேட்டாய், என்னிடம் மட்டும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் வியாபாரம் கெடுகிறது போடா என்றிருப்பேன். இப்போது அறுபத்திரண்டு என்று எண் போட்டு நானே எழுதியிருக்கிறேன், இதோடு இருக்கிறது. பிள்ளையை நினைத்து வெட்கப்பட்டதுண்டா என்று கேட்டிருக்கிறாய், உண்டு, முதல் இரண்டு வருஷம் லைனிங் துணி மூட்டைக்குப் பின்னால்தான் தொட்டிலைக் கட்டினேன். எல்லாவற்றுக்கும் பதில் எழுதினேன். கடைசிக் கேள்வி, உங்களுக்குப் பிறகு யார், அந்த இடத்தில் உன் பெயரை எழுதப்போய்ப் பேனாவை மூடிவிட்டேன். உன்னைக் கேட்காமல் நோட்டைக் கொடுத்ததும் உன்னைக் கேட்காமல் உன் பெயரை எழுதுவதும் ஒன்றுதான். அந்தக் கோடு காலியாகவே வருகிறது. என்ன எழுதினாலும் அம்மா கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் எழுது.

கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ, பனி உனக்கு ஆகாது. போன் போட்டால் பெல் நிற்கிறவரை வைக்காதே, சிட்டுவைத் தூக்கிக்கொண்டிருப்பேன், வந்து எடுக்க நேரமாகும். நீ எங்கே இருந்தாலும் தலை நிமிர்ந்து இருக்க வேண்டும், அம்மாவால் குனிந்த தலை அம்மாவாலேயே நிமிரட்டும்.

இப்படிக்கு,
உன்னிடம் மன்னிப்புக் கேட்கத் தெரியாத
அம்மா
(கீழே இருக்கிற கிறுக்கல் சிட்டுவுடையது. அண்ணனுக்கு அனுப்பட்டுமா என்று கேட்டேன், டப்பாவை இரண்டு தட்டுத் தட்டினாள்.)