ஓரத்தைப் பிடித்து இழுத்த முகம்

புதுப் பிளெக்ஸுக்கு ஒரு வாடை உண்டு. மண்ணெண்ணெயும் புதுச் செருப்பும் கலந்தது போல. இன்று காலை பால் வாங்கப் போனபோது முதலில் அந்த வாடைதான் வந்தது. நிமிர்ந்து பார்த்தால், மின்கம்பத்துக்கும் பெட்டிக்கடைக்கும் நடுவே நீ கட்டப்பட்டிருந்தாய்.

உன் முகத்தை அகலவாட்டில் இழுத்துப் பூசணிக்காய் ஆக்கியிருந்தார்கள். மேலே ‘கண்ணீர் அஞ்சலி’ என்று ஒரு பெரிய கண், அதிலிருந்து சொட்டும் ஒரு துளி. இரு பக்கமும் புறாக்கள். கீழே சிவப்புப் பட்டையில் மஞ்சள் எழுத்து: ‘கணினி தொடாத கைவண்ணமே! பழங்கலையின் கடைசி விளக்கே!’ அதற்கும் கீழே, நாம் இருவரும் வேலை பார்த்த அச்சகத்தின் பெயரும், கைகூப்பி நிற்கும் அதன் இன்றைய முதலாளியின் படமும். அவன் படம் மட்டும் சரியான அளவில் இருந்தது.

கணினி தொடாதவளாம். பால் பையைக் கையில் வைத்துக்கொண்டே நான் வாய்விட்டுத் திட்டினேன். பெட்டிக்கடைக்காரர் தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து எழுந்து நின்றார்.

நீ குத்தாலம் பக்கத்திலிருந்து அரசாங்க ஓவியத் தேர்வுச் சான்றிதழோடு தஞ்சாவூருக்கு வந்தவள். உன் அப்பா நடவுக் கூலி உயர்வு கேட்டு வழக்கு வாங்கியவர். நம் பெரிய முதலாளி, உச்சவரம்புச் சட்டம் தன் வயல்களை எட்டுவதற்குள் விற்க முடிந்ததை விற்று ஆப்செட் இயந்திரம் வாங்கியவர். நான் எம்.ஏ. படித்துவிட்டு அங்கே பிழை திருத்திக்கொண்டிருந்தேன். அவர் என்னை ‘நீங்க’ என்பார், உன்னை ‘நீ’ என்பார். வயது வித்தியாசத்தால் என்று அவர் நினைத்துக்கொள்ள வசதியாக, நான் உனக்குச் சில வருடம் மூத்தவளாகவும் இருந்தேன்.

காலையில் குத்தகைதாரர் சங்கம் சுவரொட்டிக்கு வரும். மாலையில் மிராசுதார்கள் வருவார்கள். இரண்டும் உன் மேசையில்தான் உருவாயின. “சங்கத்துக்காரங்க ஆச்சரியக்குறி அஞ்சு கேக்கறாங்க அக்கா. மிராசுதாருக்கு ஒண்ணே போதுமாம். இருக்கறவன் எதுக்குக் கத்தணும்?” என்று தூரிகையைக் கழுவியபடி சொன்னாய். நான் சிரித்ததில் திருத்திக்கொண்டிருந்த தாளில் மை கொட்டியது.

ஈய அச்செழுத்து போய்ப் பிலிம் வந்தபோது நீ கற்றுக்கொண்டாய். தமிழ் எழுத்தின் வடிவத்தையே அரசாங்கம் ஆணை போட்டு மாற்றியபோது, கை பழகிய வளைவுகளை உதறிவிட்டு, அச்சகத்தின் தலைப்பெழுத்துகள் அத்தனையையும் புதிதாக வரைந்து கொடுத்தாய். ஊரில் பாதிப் பேர் தும்பிக்கை வைத்த பழைய ‘லை’யைப் போட்டுவிட்டு அடித்துத் திருத்திக்கொண்டிருந்த காலம் அது. அப்போதெல்லாம் பெரிய முதலாளிக்கு நீ ‘சூட்டிகையான பொண்ணு’. ஒருத்தி அகரவரிசையையே மறுபடி கற்றுக்கொள்வது அவருக்கு அதிசயமாகப் படவில்லை. அதில் அவருக்குச் செலவு எதுவும் இல்லை.

பிறகு கணினி வந்தது. அதற்குக் குளிர்சாதன அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். திரையின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து எலுமிச்சம்பழம் வெட்டினார்கள். உள்ளே உட்கார்ந்தது முதலாளியின் மைத்துனர் மகன். உனக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே இருந்த உன் மேசையைக் காலி செய்யச் சொன்னார்கள்.

“மடிக்கிற செக்ஷன்ல ஆளு பத்தல. அங்க போயி உக்காந்துக்க,” என்றார் பெரிய முதலாளி.

“எனக்கும் அதக் கத்துக்குடுங்க ஐயா. படம் போடறது நான்தானே?”

“இந்த வயசுல உனக்கு எதுக்கு அதெல்லாம்? உங்க கைக்குக் கைவேலைதான் சரி.”

‘உங்க’ என்று அவர் சொன்னது மரியாதைப் பன்மை அல்ல என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் புரிந்தது. நீ சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, குரலை உயர்த்தாமல் கேட்டாய்: “நெலத்த வித்துட்டு நீங்க மிஷின் வாங்குனப்ப உங்களுக்கு என்ன வயசுங்க ஐயா?”

“அது வேற.”

“வேறதாங்க. உங்களுக்கு விக்க நெலம் இருந்துச்சு.”

மறுநாள் முதல் நீ கல்யாணப் பத்திரிகை மடித்தாய். படத்தை வேறொருவர் போட, நீ மடித்தாய். உன் வீட்டுக்காரர் நோயாளி. அந்தச் சம்பளமும் போனால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குத்தாலத்துக்கே திரும்பி, யாருடைய வயலிலாவது இறங்க வேண்டும். உன் அப்பா வரப்பிலிருந்து உன்னை மேசைக்கு ஏற்றிவிட்டது இதற்காக இல்லை என்று என்னிடம் ஒரே ஒருமுறை சொன்னாய். அதற்குமேல் புலம்பவில்லை. பழைய பேருந்து நிலையத்துக்கு அருகே மாடியில் இருந்த கணினிப் பயிற்சி நிலையத்தில் மாலை வகுப்புக்குச் சேர்ந்தாய். தனியாகப் போகக் கூச்சமாக இருக்கிறது என்று என்னையும் இழுத்துப்போனாய். கூச்சமாவது! பயிற்சியாளரிடம் பேச ஆரம்பித்ததும் அது எங்கே போனதோ!

“ஆன்ட்டி, இது உங்களுக்குக் கஷ்டமா இருக்கும். டைப்பிங் மட்டும் கத்துக்குங்களேன்.”

“ஆன்ட்டிக்குன்னா பாதி ஃபீஸா சார்?”

“இல்லீங்க, முழுசுதான்.”

“அப்ப முழுசாவே சொல்லிக்குடுங்க.”

முதல் வாரம் சுட்டியை மேசையின் விளிம்புவரை தள்ளிவிட்டு, அதற்குமேல் போக இடமில்லாமல் விழித்தாய். அதைத் தூக்கி மறுபடி நடுவில் வைக்கலாம் என்று யாரும் உனக்குச் சொல்லவில்லை. பின்வரிசைப் பையன்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்துவிட்டு, விசைப்பலகையை அட்டையில் வரைந்து எடுத்துப்போய் வீட்டில் விரல் பழகினாய். பிறகு ஒரு மாலை, தவறாகப் போட்ட கோட்டை ஒரே தட்டில் இல்லாமலாக்கும் கட்டளையைக் கண்டுபிடித்தாய். அன்று உன் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. “போட்டது தப்புன்னா போடாததா ஆக்கிடுதே அக்கா! இதுக்கா இத்தன வருஷம் பிளேடால சொரண்டிச் சொரண்டிக் கழுத்து ஒடிஞ்சோம்?”

இதைத்தான் அந்தப் பிளெக்ஸ்காரர்கள் கேட்டிருக்க வேண்டும். உனக்குக் கைவேலையின்மேல் காதல் இருந்ததே இல்லை. படம் ஒட்டும் ரப்பர் சொல்யூஷன் வாடை உனக்குத் தலைவலி. உனக்குப் பிடித்தது படம். அதை எதைக்கொண்டு போடுகிறோம் என்பதில் உனக்கு எந்தப் பக்தியும் கிடையாது.

எனக்கு நீ ஒரு பாடம் சொல்லிக்கொடுத்ததும் அந்த வகுப்பில்தான். நான் ஒரு படத்தைப் பெரிதாக்க முயன்று, அதிலிருந்த மனிதரைத் தவளையாக்கிவிட்டேன். நீ என் கையின்மேல் கைவைத்து நகர்த்தினாய். “ஓரத்தப் புடிச்சு இழுக்காதீங்க அக்கா, ஆளு கெட்டுப்போயிடுவாரு. மூலையப் புடிங்க. எவ்வளவு பெருசாக்குனாலும் அவரு அவராவே இருப்பாரு.”

வகுப்பு முடித்த சான்றிதழைப் பெரிய முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினாய். யோசித்துச் சொல்வதாகச் சொன்னவர் கடைசிவரை யோசித்துக்கொண்டே இருந்தார். நீ காத்திருக்கவில்லை. கும்பகோணத்தில் ஒரு சிறிய அச்சகத்தில் வடிவமைப்பாளராகச் சேர்ந்து, தினமும் ரயிலில் போய்வந்தாய். மென்பொருள் மாறியது, மாறியதும் மறுபடி மாறியது. ஒவ்வொரு முறையும் கறுவிக்கொண்டே கற்றாய். “இவனுங்க பொத்தான எடம் மாத்தி வெக்கறதுக்கு நான் காசு குடுத்துக் கத்துக்கணுமா?” என்பாய். அந்தக் கோபம் நியாயமானது. இயந்திரத்தை வாங்குகிறவன் முதலாளி. அதைக் கற்கும் செலவும் நேரமும் அவமானமும் மட்டும் தொழிலாளியுடையது. இதை எந்த அரசாங்கமும் உச்சவரம்பு போட்டுத் தடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. அறுபதைத் தாண்டியும் நீ பூதலூர் அரிசி ஆலைகளுக்குப் பை வடிவமைத்தாய். என் சமையலறையில் இப்போதிருக்கும் மூட்டையில்கூட உன் நெற்கதிர்தான் தலைசாய்ந்திருக்கிறது. அது திரையில் வரைந்தது.

பாலைக் காய்ச்சி வைத்துவிட்டு அச்சகத்துக்குப் போனேன். குளிர்சாதன அறை இப்போது எல்லாருக்கும் திறந்திருக்கிறது. கணினியின் முன் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். பக்கத்தில் இன்றைய முதலாளி, பெரிய முதலாளியின் மகன், அலைபேசியோடு.

“வாங்க மேடம். அஞ்சலி பேனர் பாத்தீங்களா? நம்ம செலவுதான்.”

“கணினி தொடாதவள்னு யார் எழுதச் சொன்னது?”

“அப்பா அப்படித்தான் சொல்லுவாரு. பழைய ஆளு, கையாலேயே எல்லாம் போடுவாங்கன்னு. ஒரு மரியாதைக்கு…”

“உன் கல்யாணப் பத்திரிகையை எங்கே போட்டீர்கள்?”

“டிசைன் மட்டும் கும்பகோணத்துல. கம்ப்யூட்டர்ல இருந்த நம்ம மச்சான் அப்ப துபாய் போயிட்டாப்ல.”

“கும்பகோணத்தில் யார் போட்டது?”

அவன் அலைபேசியைக் கீழே வைத்தான். அவனுக்குத் தெரியாது என்றே தோன்றியது. அது இன்னும் மோசம்.

“மாத்திடலாம் மேடம்,” என்று எழுந்து வெளியே போனான். அந்தப் பெண் தாழ்ந்த குரலில் சொன்னாள்: “மொகம் அகலமா வந்தது என் தப்பு இல்லீங்கம்மா. எடம் காலியா இருக்கு, இழுத்து வையின்னாரு. இப்ப போன்லயே பேனர் அடிக்கிற சாப்ட்வேர் வந்துடுச்சாம். அத மச்சான் பையனுக்குச் சொல்லிக்குடுக்கப் போறாங்களாம். என்னைய லேமினேஷனுக்குப் போகச் சொல்றாரு.”

நான் அவள் பக்கம் குனிந்தேன்.

“அதை எங்கே சொல்லித் தருகிறார்கள் என்று விசாரி. நாளைக்கே போய்ச் சேர். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் நான் கூட வருகிறேன்.”

அவள் அந்தப் பேனரைத் திரையில் திறந்துவிட்டு, நாற்காலியை விட்டு நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தாள். முதலில் அந்தக் கண்ணை நீக்கினேன்; புறாக்கள் போயின; ‘கடைசி விளக்கே’ என்ற வரி போயிற்று. உன் பெயருக்குக் கீழே ‘கணினி வரைகலைஞர்’ என்று அவளைத் தட்டச்சு செய்யச் சொன்னேன். பிறகு உன் படத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, மூலையைப் பிடித்து இழுத்தேன். நீ பெரிதாகிக்கொண்டே வந்தாய்: ஒடுங்கிய கன்னம், தூக்கிய மோவாய், யாரையோ எதிர்த்துப் பேசப்போவது போன்ற அந்த வாய்.

“அட, இதெல்லாம் எங்கம்மா கத்துக்கிட்டீங்க?” என்றாள் அந்தப் பெண்.

திரையில் இருந்த உன்னைக் காட்டினேன்.