கல்யாண போட்டோவில் இன்னொருவர் கண்

அன்புள்ள மகளுக்கு,

உன் கல்யாணத்தைப் பொய்க் கல்யாணம் ஆக்கியது உன் அப்பா. மாப்பிள்ளை நாட்டுக் குடியேற்ற அலுவலகம் எழுதியதில் மற்றதெல்லாம் திமிர், ஆனால் போட்டோக்கள் திருத்தப்பட்டவை என்று எழுதினார்களே, அது மட்டும் நிஜம். இதை முதலில் சொல்லியாகிவிட்டது, இனி நலம் விசாரிக்கிறேன். நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், என் முட்டிவலியும் நன்றாக இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு ஒரே வீட்டில் தூங்கி எழுந்திருக்கிறீர்கள் என்றால் எனக்கு அது போதும், அந்த ஒரே வீட்டுக்குத்தானே இவ்வளவு பாடு.

நீ அனுப்பிய அலுவலகக் கடிதத்தை ஜெராக்ஸ் கடைக்காரியிடம் பிரதி எடுக்கக் கொடுத்தது என் தப்பு. மெஷின் சூடாகிற நேரத்தில் முழுசும் படித்துவிட்டாள். "அக்கா, உங்க மாப்பிள்ளைக்கு பாஸ்போர்ட்ல சாம்பல் கண்ணாம், கல்யாணத்துல கருப்புக் கண்ணாம். எது வீட்டுக்கு, எது வெளிய போக?" என்று நாலு பேருக்கு முன்னால் கேட்டாள். நேரே நம் ஸ்டுடியோவுக்கு வந்து அப்பாவைப் பிடித்தேன். பதிவு அலுவலக வாசலில் எடுத்த குரூப் போட்டோவில் மாப்பிள்ளை வெயில் தாங்காமல் கண்ணை மூடிவிட்டாராம். "கண்ணு மூடியிருந்தா இஷ்டமில்லாம கட்டிக்கிட்டான்னு நினைப்பாங்கல்ல" என்கிறார். அதற்காக, அந்த வாரம் பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வந்த இன்சூரன்ஸ் ஏஜெண்டின் கண்ணை வெட்டி வைத்திருக்கிறார், நிறம் பார்க்காமல். இப்போது பெரிதாக்கிப் பார்க்கிறேன், மாப்பிள்ளை உனக்குப் பாலிசி விற்க வந்தவர் மாதிரியேதான் நிற்கிறார்.

அது போகட்டும், உன் முகத்தை என்ன செய்திருக்கிறார் பார்த்தாயா. இந்த ஸ்டுடியோவுக்கு எந்தப் பெண் வந்தாலும் கேட்காமலே வெள்ளையடித்து அனுப்புவது அவர் வழக்கம், கேட்டால் "கஸ்டமர் கேக்கறாங்க" என்பார். நீ கேட்டாயா? பெற்ற மகளின் முகம், அதற்கும் பூசியிருக்கிறார். பாஸ்போர்ட்டில் இருக்கும் பெண்ணும் போட்டோவில் இருக்கும் பெண்ணும் ஒருவர்தானா என்று அந்த அதிகாரி கேட்டதில் எனக்குக் கோபமே வரவில்லை. நானும் முப்பது வருஷமாகக் கவுண்டரில் உட்கார்ந்து அந்த வெள்ளை முகங்களைக் கவரில் போட்டுக் கொடுத்தவள்தான், ஒரு நாளும் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் அவர்கள் கேட்கிற மற்ற கேள்விகளைப் படித்தால் பற்றிக்கொண்டு வருகிறது. கட்டிலில் யார் எந்தப் பக்கம், யார் குப்பை கொட்டுகிறார்கள், அவர் பல் துலக்கும் பிரஷ் என்ன நிறம். உன் அப்பா பிரஷ்ஷே வைப்பதில்லை, விரல்தான். என்னைக் கேட்டிருந்தால் என் சமையலறையிலிருந்தே என்னை நாடு கடத்தியிருப்பார்கள். எனக்குக் கல்யாணம் ஆன அன்று அவர் முகம் எனக்குச் சரியாகத் தெரியாது, எந்த அலுவலகமும் வந்து இது உண்மையா என்று கேட்கவில்லை. மாடி வீட்டுக்காரன் பெண்டாட்டியைத் தினம் அடிக்கிறான், இரண்டு பேருக்கும் ஒரே நாட்டுப் பாஸ்போர்ட், அதனால் அது அசல் கல்யாணம். நீங்கள் இரண்டு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டு இருப்பதற்கு அத்தாட்சி வேண்டுமாம். நேர்காணலில் தெரியாததைத் தெரியாது என்றே சொல். ராத்திரி உட்கார்ந்து இரண்டு பேரும் மனப்பாடம் செய்யாதீர்கள், ஒரே மாதிரி ஒப்பித்தால் அதற்கும் ஒரு கேள்வி வைத்திருப்பார்கள்.

உங்கள் வக்கீல் கேட்ட அசல் படங்கள் கிடைத்துவிட்டன. அப்பா கேமரா கார்டை அழித்துவிட்டார், ஆனால் நான் எந்தக் கார்டையும் கவுண்டர் கம்ப்யூட்டரில் ஏற்றாமல் அவர் கையில் கொடுப்பதில்லை. இருபத்திரண்டு படம். மாப்பிள்ளை ஏழில் கண்ணை மூடியிருக்கிறார், நான் எல்லாவற்றிலும் முறைத்துக்கொண்டு நிற்கிறேன், நீ நீயாக இருக்கிறாய். எல்லாவற்றையும் பென்டிரைவில் போட்டு இந்தக் கவரில் வைத்திருக்கிறேன்.

சிக்கல், திருத்தியவர் எழுதிக் கொடுக்க வேண்டிய வாக்குமூலத்தில்தான். கண்ணை மாற்றினேன், முகத்தை வெளுப்பாக்கினேன், இந்த இரண்டையும் எழுதிவிட்டார், "மாற்றினேன்" என்பதை "மேம்படுத்தினேன்" என்று எழுதவா என்று கேட்டு நான் பார்த்த பார்வையில் விட்டுவிட்டார். மூன்றாவது வரி பெரியப்பா. வேற்று நாட்டுக்காரனுக்குப் பெண் கொடுக்கிறவன் என் தம்பியே இல்லை என்று அவர் கல்யாணத்துக்கு வரவில்லையே, அவரை வேறு யார் வீட்டு விசேஷத்திலோ எடுத்த படத்திலிருந்து வெட்டி உன் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார் அப்பா. அவர் நிழல் ஒரு பக்கம், உங்கள் நிழல் ஒரு பக்கம், அதையும் அந்த அதிகாரி வட்டம் போட்டிருக்கிறார். அந்தப் படத்தை அப்பா ஸ்டுடியோ வாசல் கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டிவைத்தார். பெரியப்பா ஒரு நாள் அந்த வழியாகப் போனவர் நின்று பார்த்தார். உள்ளே வந்தார். சண்டை போடப் போகிறார் என்று நினைத்தேன், "சட்டை எனக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு அண்ணன் தம்பி இரண்டு பேரும் டீ குடித்தார்கள். இப்போது ஊரெல்லாம் தான் கல்யாணத்துக்கு வந்ததாகச் சொல்கிறார், சாப்பாடு ஆறியிருந்தது என்று குறையும் சொல்கிறார்.

அவர் வரவில்லை என்று எழுதிக் கொடுக்க அப்பாவுக்கு மனசு வரவில்லை. காகிதம் வெளிநாட்டுக்குத்தானே போகிறது, யாருக்குத் தெரியும் என்றேன். "ஜெராக்ஸ் கடைக்காரி படிப்பா" என்றார். இதற்குப் பிரதியே எடுக்கப் போவதில்லை என்றேன். கொஞ்ச நேரம் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எழுதிக் குடுத்துட்டா, அவரு வரலைன்னு ஆயிடுமேடி" என்றார். வரலைதானே என்றேன். அவருக்கு ஒரு அண்ணன் போய்விடுவார் என்ற பயம், எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் இன்னும் ஒன்பது நாளில் இந்தக் காகிதம் அங்கே வந்து சேரவில்லை என்றால் நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும், மாப்பிள்ளை தன் நாட்டில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

தைரியமாக இரு. இரண்டு பேரும் நீண்ட நாள் ஒரே கூரையின் கீழ் சண்டை போட்டுக்கொண்டு வாழ வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். நேர்காணலுக்குப் போகிற அன்று உன் முகத்தில் பவுடர் வேண்டாம், மறந்துவிடாதே.

இப்படிக்கு, எல்லாப் படத்திலும் முறைக்கிற
உன் அம்மா

பி.கு.: கூரியர்காரர் வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நிற்கிறார். பெரியப்பா வரவில்லை என்ற மூன்றாவது வரியை நானே எழுதிவிட்டேன், கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். பேனா அப்பா கையில் இருக்கிறது, அவர் வாசல் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் படத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். "போடுங்க" என்று மூன்று தரம் சொல்லிவிட்டேன். நாலாவது தரமும் சொல்கிறேன், நீயும் கேட்டுக்கொள்: "பொண்ணு அங்க காத்துக்கிட்டிருக்கா, கையெழுத்தைப் போடுங்க."