பச்சை முனையும் சிவப்பு முனையும்

ஜூன் 3, செவ்வாய்

பெரிய பேரன் மாட்டு டாக்டர். போன வாரம் ஒரே நாளில் மூன்று கன்றுகளை உயிரோடு வெளியே எடுத்திருக்கிறான். அவன் தங்கை பல் டாக்டர். ஊரே அவளிடம் வாயைத் திறந்து காட்டுகிறது, நான் மட்டும் காட்ட மாட்டேன். நடுவுள்ளவன் பாலம் கட்டும் கம்பெனியில் இருக்கிறான். அவன் கட்டிய பாலத்தில் நானே நடந்து பார்த்தேன், ஆடவில்லை. கடைக்குட்டிப் பேத்தி ஓட்டப்பந்தயத்தில் இரண்டாவதாக வந்தாள். முதலில் வந்தவளுக்குக் கால் நீளம், வேறொன்றுமில்லை.

அப்புறம் பொடிசு, உருவத்தால் வந்த பேர். மகள் வயிற்றுப் பேத்தி, எங்களோடு இதே வீட்டில் இருப்பவள். அவளுக்கு என்ன வேலை என்று பக்கத்து வீட்டுக்காரிக்கு விளங்க வைப்பதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிடுகிறது. பாடம் எழுதுகிறாள். பள்ளிக்கூடத்துக்கு இல்லை, தண்ணீர் பம்பு செய்யும் ஆலைக்கு. வேலைக்கு வருகிறவர்களுக்கு எதை முதலில் சொல்லிக் கொடுப்பது, எதைப் பிறகு, எத்தனை நாள், கடைசியில் என்ன பரீட்சை, எல்லாவற்றையும் அவள்தான் வகுக்கிறாள். வயது இருபத்தாறு. நான் அஞ்சாவதோடு நின்றவள். என் வீட்டிலிருந்து ஒருத்தி பாடப்புத்தகமே எழுதுகிறாள்.

ஜூன் 6, வெள்ளி

இன்றைக்குத்தான் முழு விஷயமும் சொன்னாள். ஆலையில் அட்டைப்பெட்டி கட்டும் பிரிவை மூடுகிறார்கள். அந்த வேலைக்கு மெஷின் வந்துவிட்டது. அங்கே இருந்த பன்னிரண்டு பேரும் பெண்கள். எட்டாவது தாண்டியவர்கள் இரண்டு பேர்தான். ஜூலை பதினொன்றாம் தேதிக்குள் சோதனைப் பிரிவு வேலையைக் கற்றுத் தேறினால் அங்கே மாற்றிவிடுவார்கள். தேறாவிட்டால் டிப்ளமோ படித்தவர்களை வெளியிலிருந்து எடுப்பார்கள், இவர்களுக்கு வேலை கிடையாது.

"பாடத்தை நான் ஒழுங்கா எழுதலைன்னா அவங்க வீட்டுக்குப் போகணும் பாட்டி" என்றாள். பாதிச் சாப்பாட்டில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள்.

ஜூன் 9, திங்கள்

பாடத்தின் முதல் அத்தியாயத்தை என்னிடம் கொடுத்தாள். "படிச்சுப் பாருங்க. புரியலைன்னா புரியலைன்னு சொல்லணும். கூச்சப்படக் கூடாது."

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டு தரம் படித்தேன். கேஜ் என்று ஒரு சாமான். விரல் நீளத்துக்கு ஓர் இரும்பு உருளை. ஒரு முனை பச்சை, மறுமுனை சிவப்பு. பம்புக்குள் வைக்கும் இரும்பு வளையத்தில் துளை சரியான அளவா என்று அதைக் கொண்டு பார்க்க வேண்டுமாம். பச்சை முனை துளைக்குள் போக வேண்டும், சிவப்பு முனை போகக் கூடாது. அதுவரை சரி. அதற்குப் பிறகு தாங்குவரம்பு, ஏற்பு, நிராகரிப்பு என்று மூன்று பக்கம்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"எப்படி இருக்கு பாட்டி?"

"கல்லு முள்ளு இல்லாம ஓடுதுடி. சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும்."

முகம் எப்படி மலர்ந்துவிட்டது. அதற்காகத்தான் சொன்னேன்.

ஜூன் 13, வெள்ளி

மேலாளர் கூட்டத்தில் இவள் சொன்னாளாம்: "அஞ்சாவது படிச்ச எங்க பாட்டிக்கே புரிஞ்சுது சார்." — அடிப்பாவி.

ஜூன் 20, வெள்ளி

பாதி வழிப் பரீட்சை. பன்னிரண்டு பேரில் தேறியது மூன்று பேர்.

வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டாள். வகுப்பில் கேட்டபோதெல்லாம் எல்லாரும் தலையாட்டினார்களாம், புரிகிறது புரிகிறது என்று. பரீட்சையில் கெட்ட வளையங்களை எல்லாம் நல்லது என்று எடுத்து வைத்திருக்கிறார்கள். இறுகின துளைக்குள் கேஜைத் திருகித் திருகி நுழைத்திருக்கிறார்கள். ஒரு கேஜ் உள்ளே மாட்டிக்கொண்டு வெளியே வரவே இல்லை.

மேலாளர் சொன்னது: "உங்க பாட்டியை வேணா வேலைக்கு எடுத்துக்கலாமா?"

மகள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 21, சனி

சொல்லிவிட்டேன். காலையில் அவள் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டேன், நல்ல நேரம் பார்த்தால் வாய் வராது.

"எனக்கு அன்னைக்கு ஒண்ணுமே புரியலைடி."

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து நின்றாள். "அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"நீ எழுதினது. அது புரியலைன்னா குத்தம் உன்கிட்டயா இருக்கும்? என் மண்டையிலதான் இருக்கும்னு நினைச்சேன்."

கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தேன். கோபம்தான். ஆனால் கத்தவில்லை. அறைக்குப் போய்ப் பாடத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அது கத்தினதைவிட மோசம்.

ஜூன் 22, ஞாயிறு

நேற்று சாயங்காலம் ஆலைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு ஒரு கேஜும் ஐந்து வளையமும் வாங்கி வந்திருக்கிறாள். இன்று காலை சாப்பாட்டு மேசையில் துண்டை விரித்து வைத்தாள்.

"இன்னைக்கு நான் வாயைத் திறக்க மாட்டேன். பாடத்துல இருக்கிறபடி நீங்களே செய்ங்க."

முதல் வளையம், பச்சை போனது, சிவப்பு போகவில்லை. நல்லது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் பச்சை வாசலிலேயே நின்றுவிட்டது. விடுவேனா? எத்தனை ஜாடி மூடியைத் திறந்த கை. சேலைத் தலைப்பைச் சுற்றிப் பிடித்து, மேசையில் ஊன்றி, ஒரு திருகு. போய்விட்டது.

"பாத்தியா?" என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன் பாட்டி அழுத்தினீங்க?"

"போகணும்னு இருக்கே. போகலைன்னா கை சரியில்லைன்னுதானே அர்த்தம்?"

"வளையம் சரியில்லாம இருக்கலாமே."

எனக்கு அது தோன்றவே இல்லை. அறுபத்தொன்பது வயதில் ஒரு தரம்கூட, சாமான் கெட்டது, என் கை நல்லது என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

பென்சிலை எடுத்து எதையோ வேகமாக எழுத ஆரம்பித்தாள். தேநீர் ஆறி ஆடை கட்டிவிட்டது. குடிக்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

பன்னிரண்டு பேரில் மூத்தவளை இவள் பேக்கிங் அக்கா என்று கூப்பிடுகிறாள். நாற்பத்திரண்டு வயது, பதினேழு வருஷமாக அங்கே பெட்டி கட்டியவள். அவளிடம் நேற்று கேட்டிருக்கிறாள், ஏன் திருகினீங்க என்று. அந்த அம்மா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னாளாம்: "பெட்டி கிழிஞ்சா, அட்டை மட்டமான்னு ஒரு நாளாவது கேட்டாங்களாம்மா? எங்க பேருக்கு நேரா ஒரு கோடு போடுவாங்க. மூணு கோடு விழுந்தா மேலாளர் ரூமுக்குப் போகணும். இப்ப நீ வந்து வளையம் கெட்டதுன்னு சொல்லுங்கறே. யார் சொல்லுவா?"

"இது அவங்களுக்குத் தெரியாத விஷயம் இல்ல பாட்டி. பயம். நான் அளவு சொல்லிக் கொடுத்துட்டே இருந்தேன்."

முதல் அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டாள். முப்பது பக்கம். துண்டுகளைப் பொறுக்கி அடுக்கி வைத்தது நான்தான்.

ஜூன் 27, வெள்ளி

புதுப் பாடம் இப்படி ஆரம்பிக்கிறது. ஆளுக்கு ஒரு தட்டு, தட்டில் பத்து வளையம். 'இதில் நான்கு கெட்டவை. கண்டுபிடியுங்கள். கெட்டதைக் கண்டுபிடித்தால்தான் மதிப்பெண்.' கேஜைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மட்டும் பிடிக்க வேண்டும். பச்சை முனை தன் எடையிலேயே இறங்க வேண்டும். இறங்கவில்லையா, சிவப்புப் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்ததை எடு. யார் பேருக்கு நேராகவும் கோடு இல்லை.

மேலாளருக்குப் பிடிக்கவில்லை. "கெட்டதைத் தேடச் சொல்லியா பாடம் ஆரம்பிப்பாங்க? நாளைக்கு நல்லதையும் சேர்த்துத் தூக்கிப் போடுவாங்க."

"பதினொண்ணாம் தேதி வரைக்கும் எனக்கு நேரம் இருக்கு சார்" என்றாளாம். "அன்னைக்கு நீங்களே தட்டை வைங்க."

இவ்வளவு வாய் எங்கிருந்து வந்தது? அவள் அம்மா என்னைப் பார்க்கிறாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

ஜூலை 2, புதன்

தாங்குவரம்பு என்ற சொல் எனக்குப் புரியவில்லை என்று சொன்னேன். அடித்துவிட்டு 'எவ்வளவு முன்னே பின்னே இருக்கலாம்' என்று எழுதினாள். இதுவரை பதினாலு இடத்தில் புரியவில்லை என்று சொல்லியிருக்கிறேன். இப்போதெல்லாம் கூச்சம் இல்லை, கொஞ்சம் மிதப்புகூட வந்துவிட்டது.

ஜூலை 7, திங்கள்

இரண்டு பேர் இன்னும் திருகுகிறார்களாம். தினமும் அரை மணி அவர்களோடு மட்டும் உட்காருகிறாள். இளைத்துவிட்டாள். திட்டினால் கேட்கிறாளா.

ஜூலை 11, வெள்ளி

மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

மேலாளர் சொன்னபடி தானே தட்டு வைத்தார். ஆளுக்கு இருபது வளையம், எது கெட்டது என்று அவரிடம் மட்டும் சீட்டு. பேக்கிங் அக்காதான் முதலில் உட்கார்ந்தாள். ஐந்தைச் சிவப்புப் பெட்டியில் போட்டாள். அவர் சீட்டில் நான்குதான்.

"பாத்தீங்களா? நல்லதைத் தூக்கிப் போட்டாச்சு" என்று அந்த ஐந்தாவதை எடுத்திருக்கிறார். கேஜை வைத்து ஒரு அமுக்கு. உள்ளே போனது. "இதோ போகுதே."

பொடிசுக்குப் பதில் வாய் வரைக்கும் வந்துவிட்டது, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பேசினது அந்த அம்மாதான். எழுந்துகூட நிற்கவில்லை.

"நீங்க அழுத்துறீங்க சார்."

மேலாளர் கேஜை வெளியே எடுக்கப் பார்த்தார். வரவில்லை. இரண்டு தரம் இழுத்தார். அப்புறம் அளவு அறையிலிருந்து ஆளைக் கூப்பிட்டு, பெரிய கருவியில் வைத்துப் பார்த்தார்கள். துளை சின்னதுதான். சீட்டில் நான்கை அடித்து ஐந்து என்று அவரே எழுதினாராம்.

பத்துப் பேர் தேறிவிட்டார்கள். திருகுகிற இரண்டு பேருக்கு இன்னும் ஒரு மாதம் கொடுத்திருக்கிறார். இவள் கேட்டு வாங்கியது.

பொடிசு இதையெல்லாம் சொல்லிவிட்டு உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். சாயங்காலம் அஞ்சரை மணிக்கு. எழுப்பவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பொடிசு இல்லாத வீடு அமைதியாக இருக்கிறது. மகள் வானொலியைச் சத்தமாக வைக்கிறாள், நான் குறைக்கச் சொல்வதில்லை.

மிச்சம் இருந்த இரண்டு பேரில் ஒருத்தி தேறினாள். மற்றவள் தேறவில்லை, கடைசிச் சம்பளம் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அதைச் சொல்லும்போது பொடிசின் குரல் வேறு மாதிரி இருந்தது. நேற்று வெளியூரில் இருக்கும் கம்பெனியின் இரண்டாவது ஆலையிலிருந்து கூப்பிட்டபோதும் முதலில் அவளைப் பற்றித்தான் பேசினாள். அங்கே வெல்டிங் பாடம் எழுத அனுப்பியிருக்கிறார்கள், ஒரு வருஷத்துக்கு. இந்த ஆலையில் சோதனைப் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் தட்டு வைப்பது இப்போது பேக்கிங் அக்கா.

இன்று கடிதம் எழுதினேன். எழுதினதை இங்கேயும் போட்டு வைக்கிறேன்:

'அங்கே உன் வகுப்பில் சேர்ந்த பதினாறு பேரோடும் நீ நிற்கிற மாதிரி புதுசாக ஒரு படம் எடுத்து அனுப்பு. ஃபோனில் வேண்டாம், அது உன் அம்மா கைக்குப் போனால் எனக்குத் திரும்பி வராது. அச்சடித்துத் தபாலில் போடு. யார் யார் என்று பின்னால் எழுது. தலையில் ஆலையில் கொடுக்கிற அந்த மஞ்சள் தொப்பி இருக்கட்டும், ஆனால் முகம் தெரிய வேண்டும், நீ சாப்பிடுகிறாயா இல்லையா என்று நான் பார்க்க வேண்டும்.'