ஏடு தொடங்க ஒரு டின் அரிசி

புரட்டாசி, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. ஜப்பான்காரன் கணக்குப்படி வருஷம் 2603 என்று போட வேண்டுமாம். போடமாட்டேன். எனக்கு இது 1943தான்.

விஜயதசமியன்று ரப்பர் தோட்டத்துப் பள்ளி மறுபடி திறக்கிறது. நான்தான் டீச்சர். ராசா டவுனில் சித்தி வீட்டில் தங்கி ஏழாவது வரை படித்ததுதான் தகுதி.

சேர்ந்த சாமான்: உடைந்த சிலேட்டுகள். கரும்பலகைக்கு, ஜப்பான்காரன் வந்ததும் ஓடிப்போன வெள்ளைக்காரத் துரை பங்களாவின் அலமாரிக் கதவு. கரியையும் மரவள்ளிக் கஞ்சியையும் கலந்து பூசினேன், பிடித்துக்கொண்டது. சாக்பீசுக்குச் சுண்ணாம்புக் கட்டி. உட்காரச் சாக்கு. எழுதிப் பழக ஆற்று மணல், சலித்தது.

இல்லாதது: அரிசி.

செவ்வாய்

தொழிலாளர் லயத்தில் வீடு வீடாகப் போனேன். எல்லா வீட்டிலும் ஒரே பேச்சு. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பாப்பாத்தியக்கா: "மொத எழுத்த அரிசியில எழுதாம மணல்லயா எழுதுவாங்க? படிப்பு வெளங்குமா? அரிசி இருந்தா புள்ளைங்கள அனுப்புறோம் லா."

அரிசி கண்ணில் பட்டே மாதக்கணக்கு. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. ஆனால் சாஸ்திரத்தில் மட்டும் குறை வைக்கக் கூடாது! கோபமாக வந்தது. அப்புறம் யோசித்தால், பிள்ளைக்குச் செய்ய அவர்களிடம் வேறு என்னதான் மிச்சம்.

புதன்

அரிசி இருப்பது தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டில். துரை போன பிறகு ஆபீஸ், ஸ்டோர், பள்ளிக்கூடம், எல்லாச் சாவியும் அவர் இடுப்பில். அவர் மனைவி கிராணியம்மா, சுருக்கமாகக் கி.அம்மா, ஒரு பால் டின் அளந்தாள். டின்னின் தலையை விரலால் வழித்து, விழுந்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"இரவல்தான். எழுதி முடிச்சதும் அப்படியே திரும்பி வரணும்."

அரிசிக்கு இரவல்! கும்பிட்டு வாங்கி வந்தேன். வேறு வழி?

வெள்ளி, விஜயதசமி

நல்ல வெயில். பிள்ளைகள் எல்லாரும் வந்துவிட்டார்கள். தட்டில் அரிசி பரப்பி, ஒவ்வொரு விரலாகப் பிடித்து 'அ' எழுத வைத்தேன். பாப்பாத்தியக்கா மகள் செல்லம் எழுதியதும் விரலை வாயில் வைத்தாள். மென்றாள். அப்புறம் எல்லாருமே. சிலர் மறுபடி எழுத வரிசையில் வந்து நின்றார்கள். அதட்டவில்லை, அவர்களுக்கும் விரல் பிடித்தேன்.

மீதியைக் கொண்டுபோனேன். கி.அம்மா டின்னில் கொட்டிப் பார்த்தாள். குறைவு. "வாய் வெச்ச எச்சி அரிசியா எனக்கு? தூக்கிட்டுப் போ. வேற அரிசி கொண்டா."

தூக்கிக்கொண்டு வந்தேன். நேராக அம்மாவிடம். கஞ்சி. பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு வாய். எச்சிலாம், எச்சில்!

சனி

பள்ளிக் கதவில் பூட்டு. கிராணி சொல்கிறார்: "எங்க வீட்டம்மாகிட்ட மன்னிப்புக் கேளு. திங்கக்கெழம காலையில ஆள் கணக்கு எடுக்குற பெரட்டுல, எல்லார் முன்னாலயும். அப்பதான் சாவி."

எதற்கு மன்னிப்பு? பிள்ளைகளுக்குப் பசித்ததற்கா?

அம்மா அழுகிறாள். "அப்பாவத்தான் ரயில் ரோடு போட சயாமுக்குப் புடிச்சிட்டுப் போயிட்டாங்க. நீயும் வம்பு வளக்காத." பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலி.

திங்கள்

தூறல். பெரட்டில் ஆள் கணக்கு எடுத்து முடிந்தது. வாளியும் கத்தியுமாக எல்லாரும் நிற்க, மன்னிப்புக் கேட்டேன். காதில் விழவில்லை என்றாள் கி.அம்மா. சத்தமாகக் கேட்டேன். கிராணி சாவியைத் தரையில் போட்டார். குனிந்து எடுத்தேன். இதை எழுதும்போதும் உடம்பு எரிகிறது.

பாப்பாத்தியக்கா என் பின்னாலேயே வந்தாள். பள்ளி திறக்கிறதே என்று சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"நாங்க கேட்டிருப்போமே மன்னிப்பு. எங்களுக்குப் பழக்கந்தானே. நீ ஏம்மா கேட்ட? டீச்சரு நீ. புள்ளைங்க பாத்துக்கிட்டு நிக்குது."

திரும்பினேன். நான் கொடுத்திருந்த சிலேட்டும் கையுமாகப் பிள்ளைகள் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள்.