மேல்சுதி எட்டாத பெடல்

கிட்வே
மே 1975

அன்புள்ள கபாசா,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று எழுதிவிட்டு, உண்மையில் இருக்கிறாயா என்று பேனாவை நிறுத்தி யோசிக்கிறேன். இங்கிலாந்தில் களி கிண்ட மாவு கிடைக்குமா என்று அத்தை தினமும் கேட்கிறார். கிடைக்கும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். நீயும் அப்படியே எழுது.

அண்ணன் கிதாருக்கு நீ வாங்கி அனுப்பிய வாவா பெடல் வந்துவிட்டது. விடுமுறையில் ஊர் வந்த உன் நண்பர் நேரே வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். உன் அண்ணன் ஷிஃப்ட் முடிந்து வந்தவர் குளிக்கக்கூட இல்லை. சுரங்கத் தூசியோடு உட்கார்ந்து அதைக் காலடியில் வைத்துக்கொண்டார். குதிகாலை அழுத்தினார். போர்வைக்குள்ளிருந்து யாரோ முனகுவதுபோல் கிதார் ஒலித்தது. பிறகு முன்பாதத்தை மெல்ல இறக்கினார். முனகல் வாய் திறந்தது. விருந்தாளி வந்திருப்பதாக நினைத்து எங்கள் குட்டி மகள் சோலா கதவுக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள்.

ஆனால் ஒரு குறை சொல்கிறார். “பாதி வரைக்கும் நல்லா ஏறுது புபே. அதுக்கு மேல செத்துப்போகுது. மேல்சுதியே இல்லாத பெடலைத் தம்பி தலையில கட்டிட்டாங்க.”

எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவள் நான். அவர் குறை என்கிறார், எழுதுகிறேன்.

போன ஞாயிறு சுரங்கத் தொழிலாளர் மன்றத்தில் முதல்முறையாக அதை வைத்து வாசித்தார். ஆம்ப்ளிஃபயரில் கீச்சொலியைக் கூட்டும் குமிழைக் கடைசிவரை திருகி, பெடலையும் கடைசிவரை அழுத்தினார். முன்வரிசைப் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். டிரம்ஸ் வாசிக்கும் சோக்கோவை உனக்குத் தெரியும். இங்கோனி இனத்தாருக்கு நம் இனத்தாரைத் திட்டப் பிறப்பிலேயே உரிமை, நமக்கும் அவர்களை; யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பாட்டு முடிவதற்குள் கத்தினான்: “டேய் குரங்குதின்னி! இது பாட்டா, பன்னி அறுக்கிறியா?” உன் அண்ணன் ஒலிவாங்கியிலேயே பதில் சொன்னார்: “எலி தின்ற வாய்க்கு ருசி எங்கடா தெரியும்!” மன்றம் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

முக்கியமான செய்தி இனிமேல்தான். செப்டம்பரில் நைரோபியில் ஒலிப்பதிவு. எட்டுப் பாட்டு, முழு இசைத்தட்டு. அது நன்றாக அமைந்தால் இங்கே ஓட்டல்காரர் ஒருவர் தன் ஓட்டலில் வாசிக்கக் குழுவுக்கு மாதச் சம்பளம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அப்படி நடந்தால் உன் அண்ணன் பாறை துளைக்கும் டிரில்லைக் கீழே வைத்துவிட்டு மேலே வந்துவிடலாம். ஒவ்வொரு முறை அவர் சுரங்கக் கூண்டில் இறங்கும்போதும் நான் என்ன நினைக்கிறேன் என்று உனக்கு எழுத வேண்டியதில்லை. உங்கள் அப்பா இறங்கித் திரும்பாமல் போனபோது நீ சின்னப் பையன்.

ஆகவே, கடைக்குத் திரும்பப் போ. வேறு பெடல் கேள். அண்ணன் சொல்லச்சொன்னது இது: கிதாரை நேரே பெடலில் மாட்டு, நடுவில் எதுவும் வேண்டாம். கால் மெதுவாகப் போய் மெதுவாகத் திரும்பட்டும். கீழிருந்து மேல்வரை ஒலி எங்கும் அறுந்துபோகக் கூடாது. கரகரக்கக் கூடாது. மேல்முனையில் நல்ல கூர்மை வேண்டும். கடைக்காரர் வாசித்துக் காட்டுவதை நம்பாதே. நீயே மிதி.

கம்பளிச் சட்டையை வீட்டுக்குள்ளும் போட்டுக்கொள்.

அன்புடன்,
அண்ணி புபே


கிட்வே
ஜூலை 1975

அன்புள்ள கபாசா,

இரண்டாவது பெடலும் வந்தது. நீ அலைந்த அலைச்சலுக்கு நன்றி.

இதிலும் மேல்சுதி இல்லை என்கிறார்.

இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படி.

சோலாவுக்குச் சோக்கோ ஒரு கம்பிக் கார் செய்து கொடுத்தான். தகர மூடிகள்தான் சக்கரம். முற்றத்தில் அதை ஓட்டினால் பல் கூசும். பக்கத்து வீட்டம்மா வேலிக்கு மேல் எட்டிப்பார்த்து, “புபே, அந்த வண்டிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடேன், உனக்குப் புண்ணியமாப் போகும்” என்றாள். அதே நேரம் உன் அண்ணன் சுவரோரம் வெயிலில் சாய்ந்திருந்தார். சோலா அவரைச் சுற்றிச் சுற்றி ஓட்டினாள். அவர் புன்னகையோடு சொன்னார்: “பாரேன், எவ்வளவு சத்தமில்லாம விளையாடுது.”

நான் உள்ளே போய்விட்டேன். அடுப்பில் கருவாடு தீய்ந்தது.

மறுநாள் அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஷூ துடைத்துக்கொண்டிருந்தார். நான் கிதாரை எடுத்தேன். எனக்கு வாசிக்கத் தெரியாது. மெல்லிய கம்பியை மட்டும் கழுத்தின் கடைசியில் அழுத்தி மீட்டினேன். புதுப் பெடலை முன்பாதத்தால் முழுக்க இறக்கினேன். தெருவில் நாய் ஊளையிட்டது. உன் அண்ணன் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு திரும்பி, “கையில வச்சிக்கிட்டு சும்மா நிக்கிறியே, வாசியேன்” என்றார்.

வாசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

பெடல்கள் இரண்டும் நல்ல பெடல்கள், கபாசா.

சோக்கோவிடம் சொன்னேன். வழக்கம்போல் ஏதாவது கிண்டல் செய்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் டிரம்ஸ் குச்சியைப் பார்த்துக்கொண்டே நின்றான். “டிரில் பிடிக்கிறவனுக்குக் காது மேல்சுதியிலேருந்துதான் போகும் அண்ணி. மொதல்ல குருவி சத்தம் போகும். அப்புறம் பிள்ளைங்க.” காதில் அடைக்கப் பஞ்சு கொடுப்பார்களே, இவர் ஏன் வைத்துக்கொள்ளவில்லை என்று கேட்டேன். பஞ்சு வைத்தால் கூரைப் பாறை பேசுவது கேட்காதாம். கடப்பாரையால் தட்டிப் பார்த்துத்தான் அடியில் நிற்பார்களாம். பாறை டொக்கென்று ஒலித்தால் விலகிவிட வேண்டும். அதற்காக வைத்துக்கொள்ளவில்லை.

இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் காதை விற்று உயிரோடு திரும்பி வந்திருக்கிறார். எனக்கு அவர் மேல் கோபம் வருகிறது. அது நிற்க இடமில்லாத கோபம்.

நைரோபிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். இப்போது சொன்னால் கிதாரை ஆணியில் மாட்டிவிட்டு வாய்மூடி ஷிஃப்டுக்குப் போய்விடுவார், எனக்குத் தெரியும். சொல்லாவிட்டால் அந்த எட்டுப் பாட்டையும் யாராலும் காது கொடுத்துக் கேட்க முடியாது. இரண்டில் எதைச் செய்தாலும் டிரில் அவர் கையில்தான் இருக்கும்.

மூன்றாவது பெடல் அனுப்பாதே. அவருக்கு எழுதும் கடிதத்தில் எதையும் காட்டிக்கொள்ளாதே. கடை மூடியிருக்கிறது என்று எழுது. பரீட்சை என்று எழுது.

அத்தைக்குத் தெரியாது.

உன் அண்ணி,
புபே


கிட்வே
அக்டோபர் 1975

அன்புள்ள கபாசா,

உன் பரீட்சை முடிவு கேட்டு அத்தை தெருவுக்கே முன்கோயோ பானம் காய்ச்சி ஊற்றினார். வெயில் தாங்கவில்லை, மழை இன்னும் வரவில்லை. மாமரங்கள் காய்த்திருக்கின்றன.

இனி மற்றது.

நான் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. சோக்கோதான் செய்தான். அதுவும் வாயால் அல்ல.

ஒத்திகைக்கு அவன் ஷிஃப்டில் போடும் சுரங்கத் தொப்பியோடு வந்து உட்கார்ந்தான், நெற்றியில் விளக்கு எரிந்தது. எல்லோரும் கேலி செய்தோம். பாட்டு தொடங்கியது. உன் அண்ணன் பாதம் பாதியைத் தாண்டி இறங்கியதும், சோக்கோ தலையை இடமும் வலமும் அசைத்தான். வெளிச்சம் சுவரில் குறுக்கே போய்வந்தது. கீழே டிரில் சத்தத்தில் யாரும் பேசிக்கொள்ள முடியாது, விளக்கால்தான் பேசுவார்கள். குறுக்கே ஆடினால் நிறுத்து. மேலும் கீழும் ஆடினால் போ. அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும், என்னைத் தவிர. எனக்கும் புரிந்தது.

உன் அண்ணன் கால் தானாக நின்றது. பிறகு கை. பிறகு பாட்டு.

அவர் என்னைப் பார்த்தார், சோக்கோவைப் பார்த்தார். “பெடல் சரியாத்தான் இருக்கு, இல்ல?” என்றார். சோக்கோ நெற்றி விளக்கை அணைத்தான். “ரெண்டாவது வந்த அன்னைக்கே தெரியும். ஒரே குறையோட ரெண்டு பெடல் எங்கயாவது செய்வானா?” என்றார். பிறகு, “மூணாவது கேட்கலாம்னு இருந்தேன்” என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார்.

சோக்கோ விட்டானா? “மூணாவது எதுக்கு? குரங்குக்கு ரெண்டு காலுதானேடா!”

அப்போதுதான் உன் அண்ணன் உண்மையிலேயே சிரித்தார். நான் வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன்.

நான் திரும்பி வந்தபோது இரண்டு பெடலும் தரையில் கவிழ்ந்து கிடந்தன. அடித்தட்டைக் கழற்றிவிட்டார்கள். உள்ளே இவ்வளவுதானா என்றிருந்தது: காலை அழுத்தினால் ஒரு பற்பட்டை இறங்கி ஒரு சின்னப் பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. அந்தச் சக்கரம் சுற்றுவதுதான் முனகலும் கூச்சலும். சக்கரத்தைப் பட்டையிலிருந்து விலக்கி, இரண்டு பல் பின்னால் தள்ளி மறுபடி பொருத்தினால், கால் முழுக்க இறங்கினாலும் ஒலி முன்புபோல் உச்சிக்குப் போகாது என்றார் உன் அண்ணன். தள்ளினார்கள். வாசித்தார். “இன்னும் மேல கேட்கலை” என்றார். இன்னொரு பல். மறுபடி வாசித்தார். அவருக்குக் கேட்பது எங்கே முடிகிறதோ அங்கேயே பெடலும் முடிய வேண்டும். அதுதான் கணக்கு. நீ முதலில் அனுப்பியதுதான் அதற்குச் சரியாக இருந்தது. அதன் அடிச்சத்தம் கனம். அவசரத்தில் நீ வாங்கிய பெடல்.

கடைசியில் வந்த ஒலியை எப்படி எழுதுவது? கூச்சல் இல்லை. நடுத்தொண்டையில் நின்று, ஏதோ சொல்ல வருகிறது. பல்லைக் கடித்து அடக்கிக்கொள்கிறது. முன்பெல்லாம் தாளத்துக்குக் காலை ஆட்டிக்கொண்டே இருப்பார். இப்போது ஒரு வரி முழுக்க ஒரே இடத்தில் வைத்திருந்து, கடைசிச் சொல்லில் மட்டும் திறக்கிறார். அடுத்த ஞாயிறு மன்றத்தில் யாரும் காதைப் பொத்தவில்லை. பக்கத்து வீட்டம்மா எழுந்து ஆடினாள்.

நைரோபிக்குப் பேருந்தில் போய்வந்தார்கள். பெடலைச் சோலாவின் போர்வையில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தாராம். ஒலிப்பதிவு செய்தவர் இந்தச் சத்தம் எப்படி வருகிறது என்று கேட்டாராம். “தினமும் எலி சாப்பிடணும்” என்று சோக்கோ சொன்னானாம். எட்டுப் பாட்டும் பதிவாகிவிட்டன. ஓட்டல்காரர் ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு, இன்னொரு முறை போடச் சொன்னார். அடுத்த மாதத்திலிருந்து சம்பளம்.

போன வெள்ளிக்கிழமை உன் அண்ணன் கடைசியாகக் கூண்டிலிருந்து வெளியே வந்தார். நான் வாசலில் நின்றிருந்தேன். அவர் கை பிடித்து நடந்தேன். தெருவில் நம் ஆட்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

காது மருத்துவர், போனது திரும்பாது என்றார். இருப்பது இருக்கும், டிரில் பக்கம் போகாமலிருந்தால். நான் அந்த இரண்டாவது வாக்கியத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

டிசம்பரில் நீ வருகிறாய். உன்னிடம் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அண்ணனிடம் கத்திப் பேசாதே. எதிரே வந்து நில். கனத்த குரலில், அவசரமில்லாமல் பேசு. சோலாவுக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. நாலு வயசுப் பிள்ளை, எங்களிடமெல்லாம் கீச்சுக் கீச்சென்று பேசிவிட்டு, அப்பாவிடம் திரும்பும்போது மட்டும் தாடையை நெஞ்சில் புதைத்து, வயிற்றிலிருந்து கிழவன்போல் குரல் எடுத்துப் பேசுகிறாள். தெருவில் சிரிக்கிறார்கள். அவர் ஒவ்வொரு சொல்லுக்கும் பதில் சொல்கிறார்.

முதல்முறை கேட்கும்போது உனக்கும் சிரிப்பு வரும். சிரித்துவிடாதே, தம்பி. அவளைப் போலவே பேசு.

பத்திரமாக வந்து சேர்.

உன் வரவை எண்ணியிருக்கும்
அண்ணி புபே