அப்பா பேசிய கெசட்

மேற்பிரிவு, ஏழாம் லயம்,
றக்வான.
6.10.1996

அன்புள்ள பஞ்சவர்ணத்துக்கு,

நானும் தர்மிளாவும் சுகமாக இருக்கிறோம். குவைத்தில் நீயும் சுகமாக இருக்க வேண்டுமென்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கும்பிட்டுக்கொள்கிறோம். நீ போட்ட இரண்டு கடிதங்களும் கிடைத்தன. முதலாவதற்கே பதில் போட்டிருக்க வேண்டும். பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக மூன்று ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. கோபித்துக்கொள்ளாதே.

தர்மிளாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிறாள். இந்தத் தவணை கணக்கில் வகுப்பில் இரண்டாவதாக வந்தாள். தலை பின்னி விடுவது இருளாயி அக்காதான். நான் பின்னினால் பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் அவிழ்ந்துவிடுகிறதாம்.

மழை விடவில்லை. போன வாரம் நம் காம்பரா வீட்டின் பின்பக்கக் கூரைத் தகரம் ஒழுகி அரிசிப் பெட்டி நனைந்துவிட்டது. கங்காணியிடம் சொல்லி வேறு தகரம் போட்டாயிற்று.

உன் அப்பாவின் காரியங்களைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஒன்றும் குறையில்லாமல் நடந்தது. பலாங்கொடையிலிருந்து உன் சித்தப்பா மகன் வந்து கொள்ளி வைத்தான். தோட்டம் முழுக்க வந்தது. தந்தி கிடைத்தும் அந்த வேலை வீட்டு மேடம் உன்னை விடவில்லை என்று எழுதியிருந்தாய். அதற்காக யாரும் உன்னைக் குறை சொல்லவில்லை. வந்தவர்களிடம் நானே எடுத்துச் சொன்னேன்.

இனி கெசட் விஷயம். அப்பா உனக்காகப் பேசிப் பதிந்தார் என்று இருளாயி அக்கா மகன் உனக்கு எழுதியிருக்கிறான். அதை ஏன் இன்னும் அனுப்பவில்லை என்று இரண்டு கடிதத்திலும் கேட்டிருக்கிறாய். பஞ்சு, அந்தக் கெசட் இல்லை. எப்படி இல்லாமல் போனது என்பதை ஒன்றும் மறைக்காமல் எழுதுகிறேன். முழுவதையும் படித்துவிட்டு என்னைத் திட்டு.

நீ அனுப்பிய காசில் இரத்தினபுரிக் கடையில் போன வருடம் செப்டம்பரில் நான் வாங்கிய ரேடியோ இரண்டு மாதம்தான் ஒழுங்காகப் பாடியது. பிறகு கெசட் போட்டால் குரல் இழுக்கத் தொடங்கியது. நீ பேசி அனுப்பியதைக் கேட்டுத் தர்மிளா, அம்மாவுக்கு ஏன் ஆம்பளைக் குரல் வந்துருச்சு என்று கேட்டாள். கடைக்குக் கொண்டுபோனேன். பெற்றரி சரியில்லை என்றார்கள். அவர்களிடமே புதுப் பெற்றரி வாங்கிப் போட்டேன். அதற்கும் இழுத்தது. இரண்டாம் முறை போனபோது, உள்ளே நாடா உரசும் தலையைச் சுத்தம் பண்ணும் கெசட் ஒன்றைக் கொடுத்துப் பாவிக்கச் சொன்னார்கள். மூன்றாம் முறை போனபோது முதலாளி இல்லை, அவர் இல்லாமல், ஒரு வருடத்துக்குச் சும்மா திருத்தித் தரும் கரண்டிக் காட்டைப் பார்க்க முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். நாலாம் முறை வாங்கி வைத்து, ஐந்து வாரம் கழித்து, திறந்துகூடப் பார்க்காமல் அப்படியே திருப்பித் தந்தார்கள். திறக்கிறார்களா என்று பார்க்க அடியில் நான் ஒட்டியிருந்த தர்மிளாவின் கொப்பித் தாள்கூட அப்படியே இருந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு நாள் பேரும் சம்பளமும் போய்விடும். ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு அந்த வளைவுகளில் பஸ்ஸில் வரும்போது, இதை வெளியே எறிந்துவிடலாமா என்று நினைத்திருக்கிறேன். எறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நீ குவைத்துக்குப் போகும்போது அப்பா கோபத்தில் உன்னோடு பேசவில்லை. அன்றைக்கு வேண்டுமென்றே மலைக்கு வேலைக்குப் போனார். அது உன் மனதில் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் நீ பார்க்காத ஒன்று இருக்கிறது. உன் கெசட்டை நாங்கள் போட்டால் அவர் எழுந்து வாசல் இஸ்தோப்புக்குப் போய்விடுவார். போய், கதவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வார். ஒரு முறை நீ இருமினாய். மறுநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் வழியில், அவளுக்கு அங்க குளிர் ஒத்துக்கலையோ என்று என்னிடம் கேட்டார். அவ்வளவுதான். நம் பதில் கெசட்டில் இரண்டு வார்த்தை பேசுங்கள் என்றால் மட்டும் மாட்டேன் என்பார்.

ஜூலை பதினாலாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பி ஒரு வாரம் இருக்கும். நெஞ்சுச் சளி குறையவில்லை. அன்றைக்குக் கஞ்சி குடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். “மாப்ள, அந்தப் பெட்டிய இங்க கொண்டாந்து வைங்க. எத அமுக்கணும்னு காட்டிட்டு எல்லாரும் வெளிய போங்க” என்றார்.

சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அமுக்கி விட்டேன். தர்மிளாவைக்கூட உள்ளே விடவில்லை. அரை மணித்தியாலம் பேசினார். நான் தண்ணீர்ப் பீலிப் பக்கம் போய் நின்றேன். அடுத்த காம்பராவில் இருளாயி அக்கா இருந்தாள். பேச்சு விளங்கவில்லை, குரல் மட்டும் கேட்டது என்றாள். நடுவில் ஒரு தடவை சிரித்தாராம். அதை உனக்குக் கட்டாயம் எழுத வேண்டுமென்று இருந்தேன்.

பிறகு கூப்பிட்டார். பதிந்திருக்கிறதா என்று பார்க்கத் திருப்பிப் போட்டேன். “பஞ்சு, அப்பா பேசறேன். கேக்குதா?” என்று வந்தது. அதன் பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. போனில் போல நீ பதில் சொல்வாய் என்று காத்திருந்திருக்கிறார். அதற்குள் படுக்கையிலிருந்து கையை நீட்டி, “நிப்பாட்டுங்க. அது அவளுக்கு” என்றார். நிறுத்தினேன். மறுபடி முதலுக்கே சுற்றி வைக்கலாம் என்று அமுக்கியபோது கிறீச்சென்று ஒரு சத்தம். மூடி திறக்கவில்லை. உள்ளே நாடா உருளையில் சுற்றிக்கொண்டு கிடப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

என்ன ஆச்சு என்று கேட்டார். ஒண்ணுமில்ல மாமா, நாளைக்கே தபால்ல போட்டுர்றேன் என்றேன்.

மறுநாள் ரேடியோவை பஜாருக்குக் கொண்டுபோய் மர்சூக் நானாவிடம் காட்டினேன். மணிக்கூடு, ரேடியோ எல்லாம் திருத்துகிறவர், உனக்குத் தெரியும். அவர் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஐந்து நிமிஷ வேலை, நாடா அறாமல் எடுத்துத் தருகிறேன் என்றார். ஆனால் பின்பக்கம் கடைக்காரர்களின் சீல் இருக்கிறது, அதை உடைத்தால் பிறகு கரண்டி கிடையாது, இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதே, யோசித்துச் சொல் என்றார். ஆணி கழற்றும் திருப்புளியை அவர் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்டார்.

நான் யோசித்தேன், பஞ்சு. நீ அங்கே பாத்திரம் கழுவி வாங்கித் தந்த சாமான், அதை வீணாக்கக் கூடாது என்று யோசித்தேன். கடைக்காரர்கள் நாலு முறை அலைய விட்டார்கள், இந்த முறை விடக் கூடாது என்று ஒரு வீம்பும் இருந்தது. வேண்டாம் நானா, கடைக்கே கொண்டுபோகிறேன் என்று சொல்லி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கடையில் இருந்த பெண்ணிடம் மூன்று முறை சொன்னேன். உள்ளே கெசட் இருக்கிறது, அதில் என் மாமாவின் குரல் இருக்கிறது, ரேடியோ போனாலும் பரவாயில்லை, கெசட் வேண்டும் என்று சிங்களத்தில் தெளிவாகச் சொன்னேன். துண்டில் அதை எழுதச் சொன்னேன். எழுதத் தேவையில்லை, நானே சொல்லிவிடுகிறேன் என்றாள். அவள் எழுதியது, ரேடியோ ஒன்று, டேப் வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். இரண்டு கிழமையில் வரச் சொன்னாள். போனேன். திருத்த அனுப்பியது கொழும்பிலிருந்து வரவில்லை என்றாள். தபால் கந்தோரிலிருந்து போன் எடுத்தேன். கொஞ்சம் இருங்கள் என்று வைத்துவிட்டுப் போனவர்கள் வரவே இல்லை.

இங்கே அப்பா தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். போயிருக்குமா, கப்பலா பிளேனா, அந்த வீட்டில் கேட்க விடுவார்களா. நான் வேலையிலிருந்து வந்து கால் கழுவும்போதே கேட்பார்.

ஓகஸ்ட் ஐந்தாம் திகதி உன் கடிதம் ஒன்று வந்தது. மேடத்தின் பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அது. வழக்கம்போல அவருக்கு வாசித்துக் காட்டினேன். அன்றைக்கு அவருக்கு மூச்சு மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. வாசித்து முடித்த பிறகும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “நான் பேசினதுக்கு என்ன சொல்லியிருக்கா?” என்று கேட்டார்.

அவர் உன்னிடம் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. என்ன கேட்டார் என்று தெரியாது. கடிதத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, இல்லாத ஒரு வரியை வாசித்தேன். “அப்பா பேசுனத முழுசா கேட்டேன். சரின்னு அப்பாகிட்ட சொல்லிருங்க” என்று வாசித்தேன்.

“சரின்னாளா?” என்றார்.

ஆமா மாமா என்றேன்.

இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கடிதத்தை வாங்கி, எந்த இடத்தில் எழுதியிருக்கிறது என்று கேட்டார். நான் ஒரு வரியில் விரலை வைத்தேன். அவரும் அதில் விரலை வைத்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அழுகிறார் என்று முதுகில் தெரிந்தது. அன்று இரவு இரண்டு வாய் சோறு கேட்டுச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு கெசட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏழாம் நாள் விடியற்காலையில் போய்ச் சேர்ந்தார்.

செப்டம்பர் முதல் கிழமை கடையிலிருந்து தபாலட்டை வந்தது. போனேன். ரேடியோவைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். கடைக் கெசட் ஒன்றைப் போட்டுக் காட்டினாள். அருமையாகப் பாடியது. “ஒக்கோம ஹரி மாத்தயா” என்றாள், எல்லாம் சரியாகிவிட்டதாம். உள்ளே இருந்த கெசட் எங்கே என்று கேட்டேன். மூடியைத் திறந்து பார்த்தாள். பையைப் பார்த்தாள். உள்ளே போய் முதலாளியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சிக்கின நாடாவைக் கொழும்பில் வைத்திருக்க மாட்டார்கள், வெட்டி எறிந்துவிடுவார்கள், கெசட்டுக்குக் கரண்டி கிடையாது என்றார் அவர். என் முகம் எப்படி இருந்ததோ, கண்ணாடி அலுமாரியைத் திறந்து புதுக் கெசட் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். காசு வேண்டாம் என்றார். நான் சத்தம் போடவில்லை. சத்தம் போட வேண்டுமென்றுதான் நினைத்தேன். கெசட்டைத் தொடாமல் ரேடியோவை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

மனது கேட்கவில்லை. குண்டு வெடிப்புகளால் கொழும்பு இருக்கும் நிலைமையில் போக வேண்டாம் என்று எல்லோரும் தடுத்தார்கள். தோட்டக் கந்தோரில் நான் இன்னார் என்று கடிதம் வாங்கிக்கொண்டு போன வாரம் போனேன். வழியில் இரண்டு இடத்தில் ஆமிக்காரர்கள் இறக்கிச் சோதித்தார்கள். எதற்குப் போகிறாய் என்று கேட்டார்கள். கெசட் தேடிப் போகிறேன் என்றேன். நம்பாமல் இன்னும் கொஞ்ச நேரம் நிற்க வைத்தார்கள்.

அந்தத் திருத்தும் இடத்தில் நிலாம் என்றொருவர் இருந்தார். துண்டைக் காட்டினேன். புத்தகத்தைப் புரட்டி, இது நான் செய்ததுதான் என்றார். நாடா உருளையில் இறுகியிருந்தது, கத்தியால் வெட்டி எடுத்தேன், துண்டில் ஒன்றும் எழுதவில்லையே என்றார். யாருடைய குரல் என்று கேட்டார். சொன்னேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் குப்பைத் தொட்டியைக் காட்டினார். ஒவ்வொரு நாளும் மாநகரசபை லொறி வந்து அள்ளிக்கொண்டு போகிறதாம். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம், தொட்டி காலியாக இருந்தது. எழுதியிருந்தால் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்தாவது பிரித்திருப்பேன் தம்பி என்றார். என்னை பஸ் ஏற்றிவிட்டுத்தான் போனார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கடைப் பெண் மேல்கூட இப்போது இல்லை. மர்சூக் நானா திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதுதான் கண்ணுக்குள் நிற்கிறது.

ரேடியோ இப்போது நன்றாக வேலை செய்கிறது. தர்மிளா உன் பழைய கெசட்டுகளைப் போட்டுக் கேட்கிறாள். நான் பக்கத்தில் இருப்பதில்லை.

நடந்தது இவ்வளவுதான். அப்பா உன்மேல் கோபத்தோடு போகவில்லை. அது மட்டும் சத்தியம். அதற்கு நான் சொன்ன பொய்தான் காரணமா, அவர் பேசி முடித்தபோதே கோபம் போய்விட்டதா என்று எனக்குத் தெரியாது. உன் பெயரில் ஒரு பதிலை நான் சொல்லிவிட்டேன். அவர் உன்னிடம் எதைக் கேட்டிருப்பார் என்று, அவருடைய மகள் நீ, உனக்குத்தான் தெரியும்.

வருகிற டிசம்பரோடு ஒப்பந்தம் முடிகிறது, மேடம் இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறாள், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கடைசிக் கடிதத்தில் கேட்டிருக்கிறாய். வேறு எதைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். ஒரு தடவை உன் வாயால் நான் பேசிவிட்டேன், பஞ்சு. இதற்கு நீயே பதில் சொல். எதைச் சொன்னாலும் நானும் பிள்ளையும் ஏற்றுக்கொள்வோம்.

குளிரில் வெறுங்காலோடு தரை கழுவாதே. அந்த இருமலுக்கு மருந்து எடு. மாரியம்மன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். எனக்கு எழுதப் பிடிக்காவிட்டால் தர்மிளா பெயருக்காவது ஒரு வரி போடு. இப்போது அவளே வாசிப்பாள்.

உன் பதிலுக்காகத் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
சுதாகரன்