அப்பாவைக் கூப்பிடும் குரல்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மொந்தெரே நகரத்தில் நான் நலம். முதலாளியம்மாவும் இப்போது அதிகம் திட்டுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் ஒரு வேடிக்கை. நம் தேனெக் பேச்சை ஆராயும் பேராசிரியை ஒருவர் என்னைப் பேசவைத்துப் பதிவு செய்தார். ஒரு சொல்லில் கடைசியாக நீளும் அசையைத்தான் நாம் அழுத்துவோமாம். எதுவும் நீளாவிட்டால் முதல் அசையை. வாயைத் திறந்தால் தானாக வருவதற்கு இத்தனை கணக்கா! அதற்குள் தோழி எர்லிண்டா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏண்டி, எதச் சொன்னாலும் கடைசிக்கு முந்தினதுலயே அமுக்குற? ஸ்பானிஷ் பேசுற உன் முதலாளியம்மா மாதிரியே இருக்குடி!"

நானும் சிரித்துவைத்தேன். அன்றிலிருந்து பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் நம் சொற்களைச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். நாக்கு படியமாட்டேன் என்கிறது.

ஊரிலிருந்து யாராவது வந்தால் காய்ந்த மிளகாய் கொடுத்தனுப்பு. சாந்தோலோ திருநாளன்று செத்தவர்களுக்குப் படைத்து அப்பாவைக் கூப்பிடும்போது, போனைப் பக்கத்தில் வை. நீ முதலில் கூப்பிடு, உன் பின்னாலேயே நானும் சொல்கிறேன்.

உள்ளே மணி அடிக்கிறார்கள், போகிறேன். போன வருடம் இங்கே நான் தனியாகத்தான் கூப்பிட்டேன், அம்மா. யாரோ முதலாளியம்மா கூப்பிடுவதாக நினைத்து, அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றுவிட்டாரோ என்னவோ.

உன் மகள்,
ஒபேலியா